நாற்பத்தொன்பதாவது வட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவர் போர்டக்கா. தொலைபேசி இணைப்பகத்தில், சொருகு கம்பிகள் தொங்கும் பலகைக்கு முன்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். பலகையைக் கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள். பெயரைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அங்கிருந்த நான்கு பேரில் மூவர் வரவேற்பு மேசை, மருந்துக் கவுண்டர் என்று போனார்கள். இவரைக் கணினி அறைக்கு அனுப்பினார்கள். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அந்த அறையின் குளிரில் உட்கார மற்ற மூவரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் அதே தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். என் இயந்திரம் எடுக்கும் படங்களெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வட்டுகளில், அதாவது ஹார்ட் டிஸ்குகளில், போய்ச் சேர்ந்தன. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஒருவர் கதவை ஒருவர் தட்டுவோம். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்வெட்டர், அதன் மேல் ஆஸ்பத்திரிக் கோட்டு, காலில் கணவரின் பழைய சாக்ஸ். கொளுத்தும் வெயில் காலத்திலும் இதே கோலம்தான். சாப்பாட்டு வேளையில் வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார். "வெங்காயம் உரிக்கிற மாதிரி இருக்கு தம்பி, என்னை நானே உரிக்கறேன்" என்பார்.

வேலையை அவர் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. என்ன தட்டச்சு செய்தார், திரையில் என்ன வந்தது என்று ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். மூன்றே வருடத்தில் அந்த அறையில் எந்த விளக்கு எதற்கு மினுக்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி.

அதுவரை பதினாறு வட்டுகள் இருந்தன. படங்கள் சேரச் சேர இடம் போதாமல் ஒரு நாள் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே தொண்ணூற்றாறு வட்டுகள், கூடு கூடாக. பெட்டியோடு, அதை விற்ற நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவரும் வந்தார். கம்பிகளை மாட்டி, விசையைப் போட்டதும் தொண்ணூற்றாறு பச்சை விளக்கும் எரிந்தன. ஆனால் கணினி பழைய பதினாறைத் தவிர வேறெதையும் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் காலத்து இயந்திரத்தில் அப்படித்தான். ஒவ்வொரு வட்டுக்கும் கணினிக்குள் ஒரு பெயர் இருக்க வேண்டும். டிவைஸ் ஃபைல் என்பார்கள். ஃபைல் என்ற பெயர்தானே தவிர அதற்குள் எழுத்து ஒன்றும் இருக்காது, இரண்டு எண்கள்தான். முதல் எண், வட்டு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். இரண்டாவது எண், அந்தக் கூட்டத்தில் எந்த வட்டு என்று சொல்லும். எந்தப் புரோகிராமும் அந்தப் பெயர் வழியாகத்தான் வட்டைத் தொட முடியும். முதல் பதினாறு வட்டுக்கான பெயர்கள் கணினியோடு தயாராக வந்திருந்தன. மிச்சத்தைக் கையால் செய்ய வேண்டும்.

"தெரிஞ்ச விஷயம்தான்" என்றார் போர்டக்கா. "எக்ஸ்டென்ஷன் நம்பர். பலகைல பேரு எழுதியிருக்கும், பின்னாடி கம்பி வேற எங்கயாவது போகும். பேரு முக்கியமில்ல, கம்பிதான் முக்கியம்."

"அதேதான்க்கா" என்று இன்ஜினியர் உற்சாகமானார். "ஒரு கூட்டத்துக்குப் பதினாறு வட்டு. ரெண்டாவது நம்பர் பூஜ்யம், பதினாறு, முப்பத்திரண்டுன்னு பதினாறு பதினாறா ஏறும். பதினாறு வட்டு முடிஞ்சா மொத நம்பர மாத்தணும். இப்ப இருக்கறது எட்டு."

"அடுத்தது ஒம்பது."

"இல்லக்கா, அறுபத்தஞ்சு."

"நடுவுல இருக்கறவங்கல்லாம் எங்க போனாங்க?"

"அதெல்லாம் வேற சாமானுக்குக் குடுத்தாச்சு. வட்டுக்கு மறுபடி அறுபத்தஞ்சுலதான் எடம் கெடச்சிருக்கு. அங்கேருந்து அறுபத்தாறு, அறுபத்தேழுன்னு எழுபது வரைக்கும் போகும்."

"பஸ்ஸுல சேர்ந்து சீட்டு கெடைக்காத குடும்பம் மாதிரி."

இன்ஜினியர் பத்துப் பெயர்களைச் செய்து காட்டினார். பதினொன்றாவதற்கு முன் அவருக்கு அழைப்பு வந்தது. அவருடைய பையன் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்று செய்தி. மனிதர் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைக் கதவிலும் வைத்துக்கொண்டு தவித்தார்.

"நீங்க கெளம்புங்க. பாக்கி எண்பத்தாற நான் அடிச்சுடறேன்" என்றார் போர்டக்கா.

"வரிசைய ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடறேன்க்கா. ஒரு எழுத்து மாறக்கூடாது."

அவர் போன பிறகு அக்கா ஒன்றரை நாள் அந்த வேலையில் உட்கார்ந்தார். மேல்நோக்கு அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய வரி மறுபடி வரும். அதில் பெயரை மாற்றி, எண்ணை மாற்றி, என்டர். தாளில் ஒரு டிக். மறுபடி அம்புக்குறி.

பழைய பதினாறையும் சேர்த்து எண்ணினால், நாற்பத்தொன்பதாவது வட்டு நான்காவது கூட்டத்தின் முதல் வட்டு. அதற்கு முதல் எண் அறுபத்தேழு ஆகவேண்டும், இரண்டாவது எண் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அவர் பெயரை மாற்றினார். இரண்டாவது எண்ணைப் பூஜ்யம் ஆக்கினார். முதல் எண்ணை அறுபத்தாறாகவே விட்டுவிட்டார். அடுத்த வரிக்குப் போனதும் அது கண்ணில் பட்டிருக்கிறது. அங்கே அறுபத்தேழு என்று திருத்திக்கொண்டு மேலே போய்விட்டார். பின்னால் நின்ற ஒரு வரி அப்படியே நின்றது. அந்த நிமிடத்தில் ஏதோ படம் கேட்டு அவர் கதவைத் தட்டியது நானாகக்கூட இருக்கலாம். எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் உண்டு. அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அறுபத்தாறு, பூஜ்யம் என்பது முப்பத்து மூன்றாவது வட்டு. ஆக, அந்த ஒரே வட்டுக்கு இரண்டு பெயர்கள் ஆகிவிட்டன. உண்மையான நாற்பத்தொன்பதாவது வட்டு, பெயரே இல்லாமல் பச்சை விளக்கு எரிந்துகொண்டு சும்மா இருந்தது.

இரண்டு மாதம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. முப்பத்து மூன்றிலிருந்து உள்ள வட்டுகளை என் ஸ்கேன் படங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாற்பத்தொன்பதிலிருந்து கண் பிரிவுக்கு. கண் பிரிவு இடம் கேட்டு எழுதிய கடிதம் ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. பதினொரு மணிக்கு அக்கா நாற்பத்தொன்பதாவது வட்டின் பெயரைக் கொடுத்து, துடைத்துத் தயார் செய்யச் சொன்னார். அந்தப் பெயரில் ஏதாவது பயன்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் கணினி பார்த்தது. இல்லை. சமர்த்தாகத் துடைத்துவிட்டது.

கால் மணி நேரத்தில் எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர், நாங்கள் டாக்டரம்மா என்று அழைப்பவர், திங்கட்கிழமை நோயாளி ஒருவரின் படத்தைக் கேட்டார். நான் தேடினேன். பட்டியலே வெறுமையாக இருந்தது. சுவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

அக்கா திரையைப் பார்த்தார். நீள நோட்டை எடுத்தார். இரண்டு பெயர்களின் எண்களையும் திரையில் வரவழைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஒரே எண்கள். 

"தம்பி, நான்தான் அழிச்சுட்டேன்."

"எதைக்கா?"

"உன் படங்கள. சனிக்கிழமை வரைக்கும் நகல் எடுத்த டேப் இருக்கு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் போச்சு."

அதற்கப்புறம் அவர் தாமதிக்கவில்லை. நோட்டோடு நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். நிர்வாக அதிகாரியும் அங்கே இருந்தார். அவர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் வராமல் விஷயத்தை மூடுவதில் கெட்டிக்காரர்.

"அந்த இன்ஜினியர் பாதில விட்டுட்டுப் போனதுதானே காரணம்? இல்லன்னா கரன்ட் ஏறி இறங்குச்சுன்னு போட்டுக்கலாம்" என்றார்.

"கரன்ட் ஒண்ணும் பண்ணலைங்க. இன்ஜினியர் எழுதிக் குடுத்த தாளும் சரியாத்தான் இருக்கு. நான் அடிச்ச வரி தப்பு" என்றார் அக்கா.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

கணக்கெடுத்தோம். திங்கள் முதல் வியாழன் காலை வரை நாற்பத்தொரு பேருக்கு ஸ்கேன் எடுத்திருந்தது. முப்பத்திரண்டு பேருக்குப் படம் அச்சாகியிருந்தது, அல்லது மருத்துவர் பார்த்து எழுதியிருந்தார். ஒன்பது பேருக்கு எதுவுமில்லை. அவர்கள் திரும்ப வந்து அந்தக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும்.

"நான் போய்ச் சொல்றேன்" என்றார் அக்கா.

"ஆபீஸ்லேருந்து கடிதம் போகும்" என்றார் நிர்வாக அதிகாரி.

"கடிதம் போகட்டும். நானும் போறேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். மகள் பதினொன்றாம் வகுப்பு. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மகள் பயந்துபோய், "வேலை போயிடுமாம்மா?" என்றாளாம். கணவர் தண்ணீர் குடித்துவிட்டு, "போனா என்ன, நம்ம வண்டில புள்ளைங்கள ஏத்தி இறக்கற வேல காலியாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணையும் அந்தந்த வீட்லதான் எறக்கணும். ரெண்டு புள்ளைய ஒரே வீட்ல எறக்கக்கூடாது" என்றாராம். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது என்றார்.

ஒன்பது பேரில் ஐவர் இன்னும் வார்டிலேயே இருந்தார்கள். கட்டில் கட்டிலாகப் போய் நின்று சொன்னார். ஒரு பள்ளி ஆசிரியை ஆஸ்பத்திரியின் லட்சணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரு கல்லூரிப் பெண், "பரவால்ல ஆன்ட்டி, போன தடவ தூங்கிட்டேன், இன்னொரு தூக்கம் போடறேன்" என்றது. இருவரைத் தொலைபேசியில் பிடித்தார். மிச்சம் இருவர் வீட்டுக்குக் கணவரின் வேனில், காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் போனார். ஒரு பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். விசாரித்து அங்கேயும் போய் ஒப்புக்கொள்ள வைத்தாயிற்று.

ஒன்பதாவது ஆள் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவர். எனக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. முதுகில் வலி, இடது கால் மரத்துப்போய் இழுத்து இழுத்து நடந்தார். செவ்வாய்க்கிழமை குழாய்க்குள் அனுப்பிய ஆறாவது நிமிடம், "என்னை வெளிய எடுங்க!" என்று அலறினார். இரண்டு தடவை வெளியே எடுத்தோம். மூன்றாவது தடவை கண்ணை இறுக்கிக்கொண்டு முடித்தார். வெளியே வந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

கிடங்குக்குப் பின்னால் மூன்றாவது மாடி. அவர் மனைவி கதவைத் திறந்தார். மூட்டைக்காரர் தரையில் பலகை போட்டு மல்லாந்து படுத்திருந்தார். அக்கா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, நடந்ததை அப்படியே சொன்னார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, அது உள்ள நீங்க படுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப போயிட்டு வாங்க."

அவர் மனைவி வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், "அன்னிக்கு வந்ததுலேருந்து போர்வைய மூஞ்சி வரைக்கும் போத்திக்கக்கூட மாட்டேங்கறாரும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாராம்.

மறுநாள் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, என்னை உள்ள படுக்க வை."

விதி அதற்கு இடம் கொடுக்காது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். மதியப் பட்டியல் தொடங்கும் முன் வைத்துக்கொள் என்றார். அக்கா வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். தலையை அசைக்க முடியாமல் கூண்டு மாட்டி, கையில் ரப்பர் உருண்டையைக் கொடுத்தேன். வேண்டாமென்றால் அதை அழுத்தலாம். நான்காவது நிமிடம் அழுத்திவிட்டார்.

வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். "மூக்கு மேல சுவரு" என்றார். "தடதடன்னு மண்டைக்குள்ளயே ஆணி அடிக்கற மாதிரி சத்தம். இதையா மறுபடி செய்யச் சொல்லி நான் ஒன்பது பேர் கிட்ட கேட்டேன்?"

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றார். இரண்டாவது தடவை பதினோரு நிமிடம் இருந்தார்.

மறுபடி அந்த மூன்று மாடி ஏறினார். "படுத்துப் பாத்தேங்க. நாலாவது நிமிஷமே வெளிய வந்துட்டேன்" என்றார்.

பலகையில் படுத்திருந்தவர் தலையைத் திருப்பினார். "நாலா? நான் ஆறு தாங்கினேனே!"

"அதான் சொல்றேன். உங்கள விட நான் மோசம்."

மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு முனகினார். பிறகு, "கூட யாராவது இருக்கலாமா?" என்று கேட்டார்.

இருக்கலாம். காதடைப்பான் மாட்டிக்கொண்டு, உடம்பில் உலோகம் இல்லாமல் அறைக்குள் உட்காரலாம். திங்கட்கிழமை அவரை அக்கா கணவரின் வேனிலேயே, பின் இருக்கைகளை மடக்கிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். குழாய்க்கு வெளியே நீட்டியிருந்த காலடியில் ஒரு மரநாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்தார். ஒரு கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டு நிமிடம் அந்தக் கை நகரவில்லை. அவரும் நகரவில்லை. ரப்பர் உருண்டையை ஒருமுறைகூட அழுத்தவில்லை.

பலகையை வெளியே இழுத்ததும் அவர் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, என் காலப் புடிச்சிருக்கறேன்னு சொன்னீங்களே, எப்பப் புடிச்சீங்க?"

"மொதல்லேருந்து புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எடது காலையா? அதுதானே மரத்துப்போன காலு!"

அக்கா கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். "ஐயோ, மறுபடியும் தப்பான நம்பர்" என்றார். நான் உள்ளே போனபோது இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷன் ஆனது. கால் முழுதாகத் திரும்பவில்லை, முக்கால்வாசி திரும்பியது. கிடங்கில் அவரை மூட்டை எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள்.

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. விளக்கம் எழுத வேண்டிய இடத்தில், "கவனக்குறைவுன்னு ஒரே வார்த்தை போடுங்க, போதும்" என்று அலுவலகக் குமாஸ்தா சொன்னார். அக்கா கேட்கவில்லை. எந்த வரியில், எந்த எண்ணுக்குப் பதில் எந்த எண் என்று நாலு வரி எழுதினார். "கவனக்குறைவுன்னு எழுதினா, அடுத்து வர்றவங்களுக்கு அதுலேருந்து என்ன தெரியும்?" என்றார்.

இரண்டாவது வாரம் இன்ஜினியர் வந்தார். பையன் கை கூடிவிட்டது, இவர் முகத்தில்தான் வாட்டம். உட்கார்ந்து ஐந்தாறு வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். பழைய தொண்ணூற்றாறு பெயர்களையும் அழித்துவிட்டு அதை ஓடவிட்டார். என்டர் தட்டிய விரல் எழும்புவதற்குள் தொண்ணூற்றாறும் முடிந்திருந்தன.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் ஒன்றரை நாள இப்படி முழுங்கிடுச்சே."

"அன்னிக்கே இதச் செஞ்சிருக்கணும்க்கா. உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சுத்தான் கையால அடிக்கச் சொல்லிட்டுப் போனேன்." அவர் அதைச் சொல்லச் சிரமப்பட்டார்.

"நானும் கேக்கலையே. வேற வழி இருக்கான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. தெரியாதுன்னு காட்டிக்கக் கூடாதுன்னு வீம்பு" என்றார் அக்கா. "சரி, இதுல ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு சொல்லுங்க." நீள நோட்டைத் திறந்தார்.

புரோகிராமை மட்டும் அவர் நம்பவில்லை. ஒவ்வொரு வட்டின் முகப்பிலும் அதைச் செய்த தொழிற்சாலை ஒட்டிய வரிசை எண் இருந்தது. பெயரைக் கொடுத்துக் கேட்டால் வட்டு தன் வரிசை எண்ணைத் தானே சொல்லும். இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும் என்றார். நான் பெட்டிக்கு முன்னால் குனிந்து, நடுங்கிக்கொண்டே எண்களைப் படித்தேன். அவர் திரையைப் பார்த்து டிக் போட்டார். இரண்டு முற்பகல் ஆனது. தொண்ணூற்றாறும் சரியாக இருந்தன. நாற்பத்தொன்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகுதான் கண் பிரிவுக்கு அதைத் திறந்துவிட்டார்.

பிற்பகலில் கண் பிரிவின் எழுத்தர் வந்தார். கடிதம் கொடுத்து இத்தனை நாளாயிற்று, ஒரு வட்டைத் திறந்துவிட இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொண்டார்.

"ஆமாங்க, லேட்டாயிடுச்சு" என்றார் போர்டக்கா. "இப்ப போட்டுப் பாருங்க. ஏதாவது காணலைன்னா நேரா என் கிட்டயே வாங்க."